மலையகப் பங்குச் சேமக்காலை: பத்து வருடத்தில் குழியைத் திருப்பி எடுக்கலாமா?

லிந்துலைக்காரன்

இலங்கை மலையகத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, புதிய விதிமுறை போட்டிருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசித்து, பலகையிலும் ஒட்டியாயிற்று. அடக்கம் செய்து பத்து வருடம் கழிந்த குழி பராமரிப்பில்லாமல் கிடந்தால் பங்கு அதைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாமாம். இனிமேல் குழி முழுவதையும் மூடிச் சீமெந்துக் கல்லறை கட்ட முடியாது. தலைமாட்டில் சிலுவையோ பெயர்க்கல்லோ மட்டும், அதுவும் இரண்டரை அடிக்குள். வருடச் சந்தா நிலுவை இருந்தால் அடக்கத்துக்கு முன்பே தீர்க்க வேண்டும். கண்ணாடிக் கூடு, பிளாஸ்டிக் பூ, தண்ணீர் நிற்கும் சாடி எதுவும் ஆகாது.

அப்பாவை 2009இல் அங்கேதான் அடக்கினோம். இடத்துக்கென்று காசு கட்டிய பற்றுச்சீட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சுற்றிக் கட்டி மேலே டைல்ஸும் பதித்துவிட்டோம். தன்னையும் அதே குழியில் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. காசு கொடுத்து வாங்கிய இடத்தை எப்படித் திருப்பி எடுப்பார்கள்? வழக்குப் போட வழியிருக்கிறதா?

பழைய உபதேசியார்

தம்பி, வழக்கு வரைக்கும் போக வேண்டாம். முதலில் அந்தப் பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அநேகமாகக் கல்லறைக் காணிக்கை என்றுதான் இருக்கும். அது காணி உறுதி ஆகாது. நிலம் கோயிலுடையது, உங்களுக்குக் கிடைத்தது அங்கே அடக்கும் உரிமை. அந்த உரிமை எத்தனை வருடத்துக்கு, எத்தனை பேருக்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1983இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் இதற்கு ஒரு பகுதியே இருக்கிறது. பங்குக்குச் சொந்தமாகச் சேமக்காலை இருக்கலாம் என்கிறது 1241ஆம் பிரிவு. பங்குக்குச் சேமக்காலை இருந்தால் அந்தப் பங்கு விசுவாசிகளை அங்கே அடக்க வேண்டும், வேறிடம் தெரிவு செய்யவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது 1180. சேமக்காலையில் என்ன ஒழுங்கு என்பதை அந்தந்த இடத்துச் சட்டம் தீர்மானிக்கட்டும் என்று 1243 விட்டுவிடுகிறது. ஆகவே பத்து வருடம், இரண்டரை அடி என்பதெல்லாம் ரோமாபுரியிலிருந்து வந்தவை இல்லை. உங்கள் பங்குச் சபை தானாகப் போட்டதா, மறைமாவட்டம் ஒப்புக்கொண்டதா என்று கேளுங்கள். லிந்துலை நுவரெலியா மாவட்டம் என்பதால் நீங்கள் கண்டி மறைமாவட்டம். பதுளை, மொணராகலைப் பக்கத்தவர்களுக்கு 1972இலிருந்து பதுளை தனி மறைமாவட்டம், அங்கே ஒழுங்கு வேறாக இருக்கலாம்.

மாத்தளை மேசன்

டைல்ஸ் விஷயத்தில் நான் பங்கு பக்கம். வேலைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அரைவாசிக் கல்லறைகளை நானே கட்டி நானே பிறகு உடைத்திருக்கிறேன்.

நம்முடைய சேமக்காலைகள் சமதரையில் இல்லை. தேயிலைக்கு ஆகாத சரிவு, அல்லது கல் பாறை. மேல் வரிசையில் வரிசையாகக் கொங்கிறீட் போட்டால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அப்படியே கீழ் வரிசைக்கு ஓடுகிறது. மே, ஜூன் மழையில் போய்ப் பாருங்கள், கீழே உள்ள மண்குழிகள் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பழி மட்டும் குழி வெட்டிய பொடியன்கள் மேல் விழும்.

இன்னொன்று, அடக்கம் முடிந்த மறுமாதமே கட்டச் சொல்லி வருகிறார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கல்லறை பளபளவென்று இருக்க வேண்டுமாம். பெட்டி பலகைதானே. மேல் பலகை விட்டுக்கொடுக்கும்போது மண் இறங்கும். ஒரு மழைக்காலமாவது போன பிறகு கட்டினால்தான் வெடிக்காது. அதுவரை மண்ணைக் குவித்து, பன்றி தோண்டாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் அடுக்கிவிட்டால் போதும். எங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், புதுக்குழியை மோப்பம் பிடித்து வந்துவிடும்.

கட்டத்தான் வேண்டும் என்றால் சுற்றி ஆறங்குல உயரத்துக்கு ஒரு வரம்பு, நடுவில் மண், மண்ணில் புல். கீழ்ப்பக்க வரம்பில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை. மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு கான் (வடிகால்) வெட்டி இரண்டு பக்கமும் திருப்பிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டிய எந்த ஐயாவைக் கேட்டாலும் சொல்லித் தருவார்.

ஊவாக்காரி

மேசன் அண்ணா சொல்வது சரி. ஆனால் இந்தச் சட்டமெல்லாம் ஏன் இப்போது வருகிறது என்றும் கேட்க வேண்டும். எங்கள் ஊர்ச் சேமக்காலையில் வாசலுக்குப் பக்கத்து இரண்டு வரிசையும் டவுனில் கடை வைத்திருப்பவர்களுடையது. கிரனைட், இரும்பு வேலி, வெயிலுக்குக் கூரை வேறு. தோட்டத்துச் சனங்களுக்கு ஓடைக்குப் பக்கத்துச் சரிவு. இப்போது இடம் முடிந்துவிட்டதென்று திருப்பி எடுக்கத் தொடங்குவது எந்தப் பக்கமிருந்து? ஓடைப் பக்கமிருந்துதான். மரச்சிலுவை உக்கிப் போனதும் “பராமரிப்பில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். கிரனைட் கல்லுக்குப் பத்து வருடமாக யாரும் வராவிட்டாலும் அது பராமரித்த மாதிரியே இருக்கும்.

சந்தா நிலுவையை அடக்கத்துக்கு முன் கட்டு என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவது? பெட்டிக்கும், இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் மலர்ச்சாலைக்கும் மரணச் சங்கக் காசுதான் கைகொடுக்கிறது. அதற்கு மேல் நிலுவை என்றால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

பழைய உபதேசியார்

தங்கச்சி கேட்டதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1181ஐப் பங்குச் சபைக்கு வாசித்துக் காட்டலாம். அடக்கச் சடங்குகளில் ஆள் பார்த்து நடக்கக் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று இருக்கிறது. நான் வேலை செய்த பங்கில் நிலுவையை அடக்கத்தோடு சேர்த்ததே இல்லை. எட்டாம் நாள் கழிந்து வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். முடியாதவர்களுக்கு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை கட்டும்.

கோத்தகிரி பேரன்

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. தாத்தா மட்டும் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம் என்பார் அப்பா. வருடா வருடம் இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2இல் இங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒருவர் குழியில் தாத்தா பெயரைச் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவோம். இந்தப் பத்து வருட விதியைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் குழிகளை யார் பராமரிப்பது? அவை எல்லாம் எப்போதோ போயிருக்குமா?

லிந்துலைக்காரன்

அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதி வீடு காலியானது என்று அம்மா சொல்வார். அவர்கள் விட்டுப்போன குழிகள்தான் எங்கள் சேமக்காலையின் மேல் மூலையில் இருக்கின்றன. கல்லில் செதுக்கிய பெயர்கள் பாசி ஏறிப்போய்க் கிடக்கின்றன. விதிமுறைப்படி முதலில் போவது அவைதான்.

பழைய உபதேசியார்

கோத்தகிரித் தம்பிக்கு: குழி போயிருந்தாலும் பதிவு இருக்கும். அடக்கம் முடிந்ததும் இறந்தோர் ஏட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம், 1182. மலையகத்துப் பழைய பங்குகளில் அதை ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்கள். கண்டிப் பக்கம் சில்வெஸ்திரின் துறவிகள் இருந்த காலத்து ஏடுகளில் லத்தீன் எழுத்து வரும், பயப்பட வேண்டாம், பெயரும் தோட்டமும் வாசிக்க முடியும்.

கடிதம் எழுதும்போது தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அவருடைய அப்பா பெயர், தோட்டம், முடிந்தால் டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), இறந்தது ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதுங்கள். அந்தோனி என்று மட்டும் எழுதினால் ஒரு பக்கத்துக்கு நாலு அந்தோனி வருவார்கள். அந்தக் காலத்தில் எல்லோரையும் பங்குச் சேமக்காலைக்குத் தூக்கிக்கொண்டு வரவும் இல்லை. பாதர் மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்துக்கு வருவார், சாவு அவருக்காகக் காத்திருக்குமா? உபதேசியார் செபம் சொல்லித் தோட்டத்து மயானத்திலேயே அடக்கிவிடுவோம், பாதர் வரும்போது குழியை மந்திரிப்பார். அப்படியென்றால் இடம் தோட்டத்தில் இருக்கும், பெயர் பங்கு ஏட்டில் இருக்கும். இரண்டு இடத்திலும் விசாரிக்க வேண்டும்.

நானுஓயா மழை

விஷயம் கொஞ்சம் மாறும், மன்னிக்கவும். எங்கள் சேமக்காலையில் வேலிக்கு வெளியே மாதிரி ஒரு ஓரம் இருக்கிறது. தானாக உயிரை மாய்த்துக்கொண்டவர்களையும் ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தைகளையும் அங்கேதான் வைப்பார்கள். புதிய விதிமுறையிலும் அந்த ஓரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்னும் அப்படித்தானா?

பழைய உபதேசியார்

இல்லை. இதை உரக்கவே சொல்கிறேன். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது உண்மை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1184இல் அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. சந்தேகம் வந்தால் ஆயரைக் கேள் என்றுதான் இருக்கிறது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் குழந்தை இறந்துபோனால், ஆயர் அனுமதியோடு திருச்சபைச் சடங்கு நடத்தலாம், அது 1183. வேலி ஓரம் வைப்பது பழக்கத்தில் வந்தது. பாதரிடம் நேரே கேளுங்கள், அநேகமாக அவருக்கே அந்த ஓரத்தின் கதை தெரியாது, மாற்றலாகி வந்தவராக இருப்பார்.

ஊவாக்காரி

அந்த ஓரத்துக் குழிகளைத்தான் பங்கு முதலில் திருப்பி எடுக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நெறியாளர்

பந்தயம் இருக்கட்டும். பங்கின் பெயரையோ பாதர்மாரின் பெயரையோ யாரும் எழுத வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

கண்டி டவுன்

எல்லோரும் இடம் இல்லை, இடம் இல்லை என்கிறீர்கள். எரித்தால் என்ன? கண்டி மஹியாவையில் எரிக்கும் வசதி இருக்கிறது. கத்தோலிக்கருக்குத் தடையும் இல்லை.

பழைய உபதேசியார்

1963இலிருந்து தடையில்லை, உண்மைதான். ஆனால் சட்டம் பரிந்துரைப்பது அடக்கத்தைத்தான். எரித்த பிறகு சாம்பலை என்ன செய்வது என்பதில்தான் நம் சனம் குழம்புகிறது. 2016இல் வத்திக்கான் தெளிவாகவே சொன்னது: வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றிலோ காற்றிலோ விடக் கூடாது, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கக் கூடாது, சேமக்காலை மாதிரிப் புனித இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் ஒரு சின்னத் தளர்வு வந்தது. இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் கொஞ்சத்தை மட்டும் வைக்கத் திருச்சபை அதிகாரி அனுமதிக்கலாம். பலருடைய சாம்பலைப் பொதுவான ஒரே இடத்தில் சேர்த்து வைக்கவும் செய்யலாம், பெயர்கள் மட்டும் எழுதப்பட வேண்டும். ஆக எரித்தாலும் சேமக்காலையில் ஒரு இடம் தேவைதான், சின்ன இடம். இடநெருக்கடிக்கு அது நல்ல வழி என்று நானும் நினைக்கிறேன்.

லிந்துலைக்காரன்

அம்மாவிடம் எரிப்பது பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். கொரோனா காலத்தில் எங்கள் சொந்தத்தில் ஒருவரைக் கட்டாயமாக எரித்தார்கள். 2020 மார்ச் கடைசியிலிருந்து அடுத்த வருடம் பெப்ரவரி வரை அதுதானே சட்டம். முஸ்லிம் மக்கள் போராடியது செய்தியில் வந்தது, நம்மவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் குழி இல்லையே என்ற குறை தீரவில்லை. எங்களுக்கு நவம்பர் 2இல் போய் நிற்க ஒரு மண் வேண்டும்.

மேசன் அண்ணா, ஒரே குழியில் இரண்டு பேரை வைப்பது பற்றிச் சொல்லுங்கள். பங்குச் சபையில் ஒருவர் முடியாது என்கிறார்.

மாத்தளை மேசன்

முதல் அடக்கத்தின்போது எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதில் இருக்கிறது. இருவருக்கு என்றால் முதல் முறையே ஆழமாகப் போக வேண்டும், அப்போதுதான் இரண்டாவது பெட்டிக்கு மேலே போதிய மண் நிற்கும். நம் பக்கம் ஐந்தடியில் அலவாங்கு (கடப்பாரை) பாறையில் டங் என்று மோதும், அதற்கு மேல் யாரும் இறங்க மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்குக் குழி வெட்டியவர்கள் இருந்தால் கேளுங்கள், பாறை பட்டதை யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆழம் போதாவிட்டால் பழைய குழியைத் திறந்து, எலும்பு இருந்தால் வெள்ளைத் துணியில் கட்டி, அதே குழியின் அடியில் ஒரு ஓரமாகத் தோண்டி வைத்துவிட்டுப் புதிய பெட்டியை இறக்குவார்கள். இதைப் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டாம் என்பேன். முதல் நாளே இரண்டு பெரியவர்கள் முன்னால் முடித்துவிட வேண்டும்.

இந்தப் பத்து வருடக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம். மாத்தளையில் சூடு, மண்ணும் சல்லி கலந்தது, இங்கே பத்து வருடத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. குளிர், வருடம் முழுக்க ஈரம், களிமண் வேறு. மலர்ச்சாலையில் எம்பாம் பண்ணி, பொலிஷ் பண்ணிய தடிப் பலகைப் பெட்டியில், உள்ளே பொலித்தீன் விரித்து வைக்கிறார்கள். ஒரு முறை அந்த உயரமான மலைப் பக்கம் ஒரு குழி திறக்கக் கூப்பிட்டார்கள். பலகை அப்படியே இருந்தது, கைப்பிடியின் பித்தளைப் பூச்சுக்கூடப் போகவில்லை. அதற்கு மேல் நான் மம்பட்டியை வைக்கவில்லை, மூடச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்குச் சபை எந்த ஊர் விதியைப் பார்த்துப் பத்து என்று எழுதியதோ, உங்கள் மண்ணுக்குப் பதினைந்தாவது வேண்டும். பொலித்தீன் விரிக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் சாடி விதியைவிட உபயோகமாக இருக்கும்.

நானுஓயா மழை

சாடி விதிக்கும் காரணம் உண்டு அண்ணா. டெங்கு என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் முதலில் சேமக்காலைச் சாடியைத்தான் கவிழ்க்கிறார். பிளாஸ்டிக் பூவின் குவளையிலும் தண்ணீர் நிற்கும். பூச்செடி நட்டுவிடலாமே, ஹைட்ரேஞ்சியா ஒரு கொம்பு ஊன்றினாலே பிடித்துக்கொள்கிறது.

சிரமதானம் (கூடிச் செய்யும் துப்புரவு வேலை) வைப்பவர்களுக்கு ஒன்று: டர்பன்டைன் மரத்தின் கீழ் உள்ள வரிசைகளுக்குப் போவதற்கு முன் மேலே நிமிர்ந்து பாருங்கள். போன முறை புல் வெட்டும் மெஷின் சத்தத்துக்குக் குளவி கலைந்து, நாலு பேர் ஆஸ்பத்திரியில். ஒரு பழைய கல்லறையின் வெடிப்புக்குள்ளும் கூடு இருந்தது. அந்தப் பகுதியில் கையால் வெட்டுங்கள், செண்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

கோத்தகிரி பேரன்

உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. அப்பாவிடம் கேட்டதில் டிவிசன் பெயர் கிடைத்துவிட்டது, கங்காணியின் பெயரும் ஞாபகம் வைத்திருக்கிறார். கடிதம் எழுதிவிட்டேன். ஒரு வேண்டுகோள். குழிகளைத் திருப்பி எடுப்பதை நாங்கள் தடுக்க முடியாது, அங்கே இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். எடுப்பதற்கு முன் கல்லைப் படம் பிடித்துப் பெயரை எழுதி வையுங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்தப் பெயர்களைத் தேடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன.

லிந்துலைக்காரன்

நேற்றுப் பங்குச் சபைக் கூட்டம் நடந்தது. உபதேசியார் ஐயா சொன்னபடி மறைமாவட்ட ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் அனுப்பவில்லையாம், அனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் பற்றுச்சீட்டில் “குடும்ப அடக்கத்துக்கு” என்று எழுதியிருந்ததால் அம்மாவுக்கு அப்பாவின் குழி என்று ஒப்புக்கொண்டு ஏட்டிலும் எழுதினார்கள், டைல்ஸை எங்கள் செலவில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பத்து வருடத்தைப் பதினைந்தாக்குவதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் எங்கள் அப்பாவின் கல்லறையைக் காட்டி, இது மட்டும் இவ்வளவு பெரிதாக வேண்டுமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பாதர் அதற்கு, 2025இல் இறந்த போப் பிரான்சிஸ் தன் கல்லில் பெயரை மட்டும்தான் போடச் சொல்லி எழுதி வைத்திருந்தார் என்றார். அதோடு வாதம் அடங்கிவிட்டது.

மேல் மூலையில் உள்ள குழிகளின் பெயர்களை எழுத இளைஞர் ஒன்றியத்தைக் கேட்டிருக்கிறோம். அடுத்த நவம்பர் வரை அவற்றில் கை வைப்பதில்லை, பட்டியல் கோயில் வாசலில் தொங்கும், இந்தியாவிலிருந்து யாராவது எழுதினால் பார்க்கலாம். கோத்தகிரி அண்ணா, படங்களை இங்கேயே போடுகிறேன்.

மேசன் அண்ணா, டைல்ஸை உடைத்தால் கீழே உள்ள சீமெந்தும் சேர்ந்து வருமா?

மாத்தளை மேசன்

வரும். நடுப்பகுதியை முழுதாக எடுத்துவிடுங்கள், சுற்று வரம்பை மட்டும் விட்டு உயரத்தைக் குறைக்கலாம். தலைமாட்டுக் கல்லைத் தொட வேண்டாம், அதன் அத்திவாரம் தனி. சின்ன உளி போதும், பெரிய சுத்தியல் வேண்டாம், பக்கத்துக் குழி அதிரும். மழைக்கு முன் செய்யுங்கள்.

ஊவாக்காரி

சந்தா நிலுவை விஷயம் என்ன ஆனது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே தம்பி.

லிந்துலைக்காரன்

அக்கா, அதற்கு நேரம் போதவில்லை என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 1181ஐப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் பலகையில் அந்த விதி அப்படியேதான் ஒட்டியிருக்கிறது.